பாகப்பிரிவினை வழக்கில் கெடு தவறினால்: தேதி, தாமத மனு, செலவு பற்றி முழுமையான வழிகாட்டி

தீர்ப்பு நகலை எல்லாரும் முன்பக்கத்திலிருந்துதான் படிப்பார்கள். யாருக்கு எவ்வளவு பங்கு, யார் சொன்னதை நீதிபதி நம்பினார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அப்பாவும் அப்படித்தான் இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சில மாதம் கழித்து அந்தக் கட்டோடு வேறொரு வக்கீலைப் பார்க்கப் போனோம். அவருடைய குமாஸ்தா முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கட்டைத் திருப்பி, பின்பக்க முத்திரையில் விரலை வைத்தார்.

"தம்பி, இங்க அஞ்சு தேதி இருக்கு பாருங்க. அப்பீல் டயம் முடிஞ்சு 67 நாள் ஆச்சு."

அந்த 67 நாளும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. பெரியப்பா வீட்டோடு பேசிக்கொண்டிருந்தோம். கோயில் கொடையில் வைத்துப் பேசினோம், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பேசினோம். "கிணத்துல பாதியை விட்டுடறோம், மோட்டார் ரூமை எழுதிக் குடுங்க" என்கிற அளவுக்குப் பேச்சு வந்திருந்தது. பேச்சு நடக்கும்போதும் கெடு ஓடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொந்தக்காரர்களுக்குள் நடக்கும் வழக்குகளில் தேதி தவறுவது பெரும்பாலும் இப்படித்தான். சோம்பேறித்தனத்தைவிட நம்பிக்கையால் போகும் நாட்கள்தான் அதிகம்.

நான் வக்கீல் இல்லை. ஒன்பது வருடம் கோர்ட் வராந்தாவில் நின்ற வாதியின் மகன். கீழே இருப்பது தமிழ்நாட்டு சிவில் கோர்ட்டுகளில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்குகளுக்கானது. பங்கு யாருக்கு எவ்வளவு என்பது மதச் சட்டத்தைப் பொறுத்து மாறும். கெடுக்கள் எல்லாருக்கும் ஒன்றுதான்.

படி 1: உங்கள் வழக்குக்கு எந்தக் கெடு என்று முதலில் பாருங்கள்

1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. வக்கீல்கள் வாயில் 'லிமிடேஷன்'. இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒரு வித்தியாசம். வழக்குப் போடுவதற்கான கெடு தவறினால் கோர்ட் அதை மன்னிக்க முடியாது. அப்பீலுக்கும் இடையில் போடும் மனுக்களுக்கும்தான் சட்டத்தின் 5-ஆம் பிரிவு மன்னிப்புக்கு இடம் கொடுக்கிறது. அது மட்டுமில்லை, எதிர்த்தரப்பு கெடுவைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும், கெடு தாண்டிய வழக்கைக் கோர்ட் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது 3-ஆம் பிரிவு.

கூட்டுக் குடும்பச் சொத்தை எல்லாரும் கூட்டாக அனுபவித்துக்கொண்டிருக்கும்வரை பங்கு கேட்பதற்குக் கெடு ஓடத் தொடங்காது. "உனக்கு இதில் பங்கு கிடையாது" என்று உங்களை ஒதுக்கியது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 12 வருடம். ஊரில் 'பன்னிரண்டு வருஷம்' என்று எல்லாரும் சொல்வது இதை வைத்துத்தான். அந்தப் பன்னிரண்டை நம்பி மூன்றைக் கோட்டை விட்டவர்கள் நிறைய.

மூன்று எங்கே வருகிறது? படுக்கையில் கிடந்த அப்பாவிடம் கைரேகை வாங்கி, அண்ணன் தன் பேருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது "பேங்க் லோனுக்கு" என்று சொல்லித் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) கையெழுத்து வாங்கிவிட்டார். அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதென்றால், மோசடி தெரியவந்த நாளிலிருந்து 3 வருடம்தான். உரிமை விளம்புகை, அதாவது 'இந்த உரிமை எனக்கு உண்டு' என்று கோர்ட் அறிவிக்கக் கேட்கும் வழக்குக்கும் 3 வருடம். மைனராக இருந்தபோது உங்கள் பங்கைக் கார்டியன் விற்றிருந்தால், மேஜரான நாளிலிருந்து 3 வருடம், அதாவது 21 வயது முடிவதற்குள்.

பங்கு கேட்டு வழக்குப் போட்டு, நடுவில் நிற்கும் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால், எதிர்த்தரப்பு அங்கேதான் கை வைக்கும். நீங்களே கையெழுத்துப் போட்ட பத்திரமா, உங்களுக்குத் தெரியாமல் மற்றவர்கள் எழுதியதா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அதனால் வக்கீலை முதன்முதலில் பார்க்கும்போதே இதைக் கேளுங்கள்: "நாம பத்திரத்தை ரத்து பண்ணக் கேக்கணுமா, வேண்டாமா?"

தெரியவந்த நாள் எது என்பதில்தான் பாதிச் சண்டையும் நடக்கும். ஆகவே வில்லங்கச் சான்று எடுத்த தேதி, பட்டா மாறியதைப் பார்த்த தேதி, நோட்டீசுக்கு வந்த பதில், அது வந்த கவர் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கவரின் மேல் இருக்கும் தபால் முத்திரை சில வழக்குகளில் உள்ளே இருக்கும் கடிதத்தைவிட மதிப்பானது.

இந்துக் குடும்பப் பெண்களுக்கு ஒரு குறிப்பு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குத் திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. மத்தியச் சட்டத் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ கோர்ட் தீர்ப்பாணையாலோ (டிகிரி) முடிந்துபோன பாகப்பிரிவினையை இது தொடாது. "புதுச் சட்டம் வந்துடுச்சு, பழசையெல்லாம் கிளறலாம்" என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள்.

கெடுவுக்குச் சில விலக்குகள் உண்டு. மைனர், மனநிலை சரியில்லாதவர், மோசடியால் உண்மை மறைக்கப்பட்டவர், நல்லெண்ணத்தோடு தவறான கோர்ட்டில் வழக்கு நடத்தி நாளைக் கழித்தவர் ஆகியோருக்குக் கணக்கு வேறு. கொரோனா காலத்தில் 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான நாட்களைக் கெடுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. பழைய தகராறு என்றால் இந்த இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

படி 2: ஒரு நோட்டுப் போடுங்கள்

வக்கீல் டைரியை நம்பாதீர்கள். அவர் கெட்டவர் என்பதால் சொல்லவில்லை, அவர் டைரியில் உங்களோடு இன்னும் நூறு பேர் இருக்கிறார்கள். நாற்பது ரூபாய் நோட்டு போதும். முதல் பக்கத்தில் இதை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்:

- எதிருரை (பிரதிவாதியின் எழுத்துமூலப் பதில்) தாக்கல்: சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாள், கோர்ட் நீட்டித்தால் 90 நாள் வரை
- எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை (பிரதிவாதி ஆஜராகாததால் வந்த ஒருதலைத் தீர்ப்பு) நீக்கக் கேட்க: 30 நாள்
- வாதி ஆஜராகாமல் தள்ளுபடியான வழக்கை மீட்க: 30 நாள்
- இறந்த தரப்பினரின் வாரிசுகளைச் சேர்க்க: 90 நாள், தவறினால் வழக்கு அற்றுப்போகும், அதை நீக்கக் கேட்க மேலும் 60 நாள்
- முன்சீஃப் கோர்ட்டிலிருந்து சப் கோர்ட்டுக்கோ, சப் கோர்ட்டிலிருந்து ஜில்லா கோர்ட்டுக்கோ அப்பீல்: 30 நாள்
- ஹைகோர்ட்டுக்கு முதல் அப்பீல், இரண்டாம் அப்பீல், சீராய்வு மனு: 90 நாள்
- அதே கோர்ட்டில் மறு ஆய்வு: 30 நாள்
- தீர்ப்பாணையை நிறைவேற்றக் கேட்க: 12 வருடம்

அப்புறம், வழக்கு நம்பர் ஆனவுடன் அதன் சி.என்.ஆர். எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தும் இலக்கமும் கலந்த 16 இடம் கொண்ட எண் அது. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று வீட்டிலிருந்தே தெரியும். வாய்தா அன்று சாயங்காலம் ஒரு தடவை பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வழக்கு ஒருமுறை ஆஜராகாததால் தள்ளுபடியானது எனக்கு அந்தச் செயலியில்தான் தெரிந்தது. மறுநாளே மீட்பு மனு போட்டோம்.

படி 3: தாக்கல் செய்யும்போதே நாள் போகும் இடங்கள்

வழக்குரையைக் கோர்ட்டில் கொடுத்துவிட்டாலே வழக்கு ஆரம்பமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அலுவலகம் பார்த்துவிட்டுக் குறைகளை எழுதி 'ரிட்டர்ன்' போடும். சர்வே எண்ணில் உட்பிரிவு இல்லை, வாரிசுச் சான்று இல்லை, கோர்ட் கட்டணம் குறைவு என்று ஏதாவது இருக்கும். அதைச் சரிசெய்து குறிப்பிட்ட நாளுக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். கட்டு வக்கீல் ஆபீஸ் ரேக்கில் எட்டு மாதம் தூங்கிவிட்டால், திருப்பிக் கொடுப்பதில் ஏற்பட்ட தாமதத்துக்கே தனியாக ஒரு மனு வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி "கேஸ் போட்டாச்சா?" இல்லை. "நம்பர் ஆயிடுச்சா?" என்று கேளுங்கள்.

கெடு முடியும் கடைசி நாளில், கோர்ட் கட்டணத்தில் கொஞ்சம் மட்டும் கட்டித் தாக்கல் செய்துவிட்டு மீதியைப் பிறகு கட்டலாம் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. கோர்ட் அவகாசம் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். காசு இல்லை என்றால் வெளிப்படையாக அதற்கான வழியில் போங்கள், அதைக் கீழே செலவுப் பகுதியில் சொல்கிறேன்.

படி 4: சம்மன் உங்களுக்கு வந்தால்

வாங்கிக்கொள்ளுங்கள். "வீட்ல இல்லைன்னு சொல்லு" என்பது உலகத்திலேயே அதிகச் செலவு வைக்கும் பொய். சம்மனை வாங்க மறுத்தாலும் சேர்ப்பித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் போகாத வாய்தாவில் உங்களை எக்ஸ்பார்ட்டி ஆக்கி, தீர்ப்பும் வந்துவிடும்.

எதிருரைக்கு 30 நாள், நீட்டித்தால் 90 நாள். 90 தாண்டினாலும் சாதாரண சிவில் வழக்கில் கதவு முழுதாக மூடிவிடாது என்று சுப்ரீம் கோர்ட் 2005-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் வலுவான காரணம் சொல்ல வேண்டும், பெரும்பாலும் எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகையும் கட்ட வேண்டிவரும்.

படி 5: வழக்கு நடுவில் சாவு விழுந்தால்

குடும்ப வழக்கு பல வருடம் இழுக்கும். அதற்குள் வீட்டுப் பெரியவர்கள் இறந்துபோவார்கள். ஒருவர் இறந்த 90 நாளுக்குள் அவருடைய வாரிசுகளை வழக்கில் சேர்க்காவிட்டால், அவரைப் பொறுத்தவரை வழக்கு தானாக அற்றுப்போகும். பாகப்பிரிவினையில் ஒரு பங்குதாரர் இல்லாவிட்டால் மற்றவர்களுக்கும் பங்கு பிரிக்க முடியாது என்பதால், அது மொத்த வழக்கையும் ஆட்டிவிடும்.

வெளியாள் வழக்கில் எதிராளி இறந்தது தெரியாது என்று சொல்லலாம். பெரியம்மா இறந்தது தெரியாது என்று எப்படிச் சொல்வீர்கள்? அந்தப் பதினாறாம் நாள் விசேஷத்தில் நீங்களும்தான் இலையில் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு வழக்கில், இறப்பே தெரியாது என்று பிரமாணப் பத்திரம் போட்டவரின் பெயர் அதே இறந்தவரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அச்சாகியிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் போஸ்டரையே ஆவணமாகத் தாக்கல் செய்தார். துக்க வீட்டிலிருந்து திரும்பியதும் செய்ய வேண்டிய முதல் வேலை வக்கீலுக்குத் தெரிவிப்பது. இறப்புச் சான்றும் வாரிசுப் பட்டியலும் அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம்.

படி 6: தீர்ப்பு வந்த அன்றே நகலுக்கு மனு

பாகப்பிரிவினை வழக்கில் இரண்டு கட்டம் உண்டு. முதல்நிலைத் தீர்ப்பாணையில் யாருக்கு எத்தனை பங்கு என்று முடிவாகும். இறுதித் தீர்ப்பாணையில் கோர்ட் நியமிக்கும் ஆணையரும் சர்வேயரும் நேரில் வந்து அளந்து, எது யாருடைய துண்டு என்று முடிவாகும். இறுதித் தீர்ப்பு வரட்டும், சேர்த்து அப்பீல் போடலாம் என்று காத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 97-ஆம் பிரிவு. முதல்நிலைத் தீர்ப்பாணையை எதிர்த்து அப்பீல் போடாதவர், அதில் முடிவானதைப் பின்னால் இறுதித் தீர்ப்பாணை அப்பீலில் கேள்வி கேட்க முடியாது. பங்கே தப்பு என்பது உங்கள் வாதம் என்றால், இப்போதே போட வேண்டும்.

இப்போது அந்தப் பின்பக்க முத்திரைக்கு வருவோம். அதில் இருக்கும் ஐந்து தேதிகள்: நகலுக்கு மனுக் கொடுத்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டணம் கட்டிய நாள், நகல் தயாரான நாள், நகலைப் பெற்ற நாள். நகல் எடுக்கத் தேவைப்பட்ட நாட்களை அப்பீல் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்கிறது காலவரம்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஜூன் 10-இல் தீர்ப்பு. அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் 30 நாள் ஜூலை 10-இல் முடிகிறது. ஜூன் 14-இல் நகலுக்கு மனுக் கொடுத்தீர்கள், ஜூலை 2-இல் நகல் தயார். இடையில் கட்டணம் கேட்ட அன்றே கட்டிவிட்டீர்கள். ஜூன் 14 முதல் ஜூலை 2 வரை, இரண்டு நாளையும் சேர்த்து 19 நாள். ஆக, கடைசி நாள் ஜூலை 29.

கட்டணம் கேட்டு நீங்கள் ஐந்து நாள் கழித்துக் கட்டியிருந்தால் அந்த ஐந்து நாளைக் கழிக்க முடியாது. நகல் தயாரான பிறகு போய் வாங்காமல் விட்ட நாட்களும் அப்படித்தான். நீங்கள் மனுக் கொடுப்பதற்கு முன்பு தீர்ப்பாணை எழுத அலுவலகம் எடுத்துக்கொண்ட நாளையும் கழிக்க முடியாது. "டிகிரி இன்னும் ரெடி ஆகலை, ரெடியானதும் அப்ளை பண்ணலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தீர்ப்பு சொன்ன அன்று சாயங்காலத்துக்குள் நகல் மனு உள்ளே போய்விட வேண்டும்.

கடைசி நாள் ஞாயிறாகவோ மே மாதக் கோடை விடுமுறையிலோ வந்தால், கோர்ட் திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்யலாம். அந்த ஒரு நாள்தான், அடுத்த நாள் இல்லை.

ஜெயித்தவருக்கும் வேலை இருக்கிறது. மேல் கோர்ட்டில் கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்கிற முன்மனு) போட்டு வையுங்கள், 90 நாள் செல்லும். இறுதித் தீர்ப்பாணைக்கு மனுப் போடக் கெடு கிடையாது என்று 2009-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2022-இல் இன்னும் ஒரு படி போய், யாரும் மனுப் போடாவிட்டாலும் விசாரணைக் கோர்ட்டே அடுத்த கட்டத்துக்குத் தானாக நகர வேண்டும் என்றது. ஆனால் இறுதித் தீர்ப்பாணை வந்த பிறகு நிறைவேற்று மனுவுக்கு 12 வருடம் என்பது தீர்ப்பாணைத் தேதியிலிருந்தே ஓடும். தீர்ப்பாணையை எழுத முத்திரைத்தாள் வாங்கிக் கொடுக்கத் தாமதமானது என்று சொல்லி அதை நீட்ட முடியாது.

படி 7: செலவு எங்கெல்லாம் போகிறது

வக்கீல் ஃபீஸ் ஒரு பகுதிதான். பெரிய தொகை முதல் நாளிலேயே கோர்ட் கட்டணமாக வரலாம். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 1955-இன் 37-ஆம் பிரிவில் இரண்டு வழி இருக்கிறது. நீங்களும் சொத்தைக் கூட்டாக அனுபவித்து வருகிறீர்கள் என்றால் நிலையான சிறு கட்டணம். உங்களை வெளியேற்றிவிட்டார்கள் என்றால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பின் மேல் விழுக்காட்டுக் கட்டணம். 2017-இல் இது 7.5 விழுக்காட்டிலிருந்து 3 ஆகக் குறைந்தது. 40 லட்சம் மதிப்புள்ள பங்குக்கு 1,20,000 ரூபாய். அப்பீலிலும் இதே முறையில் மறுபடி கட்ட வேண்டும்.

பங்குதாரர் ஊரில் குடியிருக்காவிட்டாலும், அடித்து விரட்டப்படாதவரை, சட்டத்தின் பார்வையில் அவரும் அனுபவத்தில் இருப்பவர்தான். 1980-இல் நீலாவதி வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கட்டணத்தை முடிவு செய்வது வழக்குரையில் எழுதியிருக்கும் வாசகம். கோபத்தில் "என்னை முழுதாக வெளியேற்றிவிட்டார்கள்" என்று எழுதினால், அந்த ஒரு வரிக்கு லட்சக்கணக்கில் விலை. கூடவே, வெளியேற்றப்பட்ட தேதியை நீங்களே ஒப்புக்கொண்டு 12 வருடக் கெடுவையும் ஓடவிடுகிறீர்கள். அதற்காகப் பொய் எழுதச் சொல்லவில்லை. உண்மையை அளந்து எழுதுங்கள் என்கிறேன்.

மற்றவை சில்லறைபோலத் தெரியும்: சம்மன் பேட்டா (சம்மனைச் சேர்ப்பிக்கக் கட்டும் பணம்), நகல் கட்டணம், ஆணையர் ஃபீஸ், சர்வேயர், முத்திரைத்தாள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ், சாப்பாடு, போன நாள் கூலி. பேட்டாவைக் கட்டாமல் விட்டால் அதற்கே வழக்கு தள்ளுபடியாகலாம்.

ஜெயித்தால் செலவை எதிராளியிடம் வாங்கிவிடலாம் என்பதில் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி செலவுத்தொகை கோர்ட்டின் விருப்பம். குடும்ப வழக்குத் தீர்ப்புகளின் கடைசி வரி பல சமயம் இப்படித்தான் முடியும்: 'தரப்பினரின் உறவுமுறையைக் கருத்தில் கொண்டு செலவுத்தொகை இல்லை.' உத்தரவிட்டாலும் வக்கீல் ஃபீஸ் விதிப்படிதான் கணக்காகும், நீங்கள் கொடுத்ததற்கும் அதற்கும் சம்பந்தமிருக்காது. பொய் வழக்கு என்று நிரூபித்தால் 35-ஏ பிரிவில் ஈட்டுத்தொகை உண்டு. உச்சவரம்பு 3,000 ரூபாய்!

செலவைக் குறைக்க உண்மையில் உதவுகிற வழிகள் சில:

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. கோர்ட் வளாகத்திலேயே வட்ட அல்லது மாவட்ட சட்டப் பணிகள் அலுவலகம் இருக்கும், 15100 எண்ணிலும் கேட்கலாம். பங்கு கேட்கும் அக்கா தங்கைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது எனக்குச் சந்தேகம்தான். கோர்ட் கட்டணம் கட்ட வசதியே இல்லாதவர்கள் ஏழை வாதி மனு போடலாம். கோர்ட் ஆபீசில் 'பாப்பர் மனு' என்றால் புரியும்.

வழக்கு போட்ட பிறகு சமாதானம் ஆனால் கட்டிய கட்டணத்தைத் திரும்பக் கேளுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் கட்டணம் திரும்பும், அந்தத் தீர்வின் மேல் அப்பீலும் கிடையாது. கோர்ட்டுக்கு வெளியே நீங்களே பேசி முடித்தாலும் நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவில் திரும்பக் கிடைக்கும் என்று 2021-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நம் ஹைகோர்ட் நிர்வாகமே மேல்முறையீடு செய்து தோற்ற வழக்கு அது.

வக்கீல் ஃபீஸை முதல் நாளே பேசி, எந்தெந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். "ஜெயிச்சா சொத்துல பத்து பர்சன்ட்" என்ற ஒப்பந்தம் பார் கவுன்சில் விதிப்படி கூடாது. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைத் தர மறுக்கவும் கூடாது, 2000-த்தில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கிறது. வக்கீலின் கவனக்குறைவால் தேதி போனது என்றால் மாநில பார் கவுன்சிலில் புகார் செய்யலாம், சிவில் கோர்ட்டில் நட்டஈடு கேட்கலாம். நுகர்வோர் ஆணைய வழி 2024 மே மாதம் வந்த தீர்ப்போடு மூடிவிட்டது.

படி 8: தேதி போய்விட்டது, இனி?

உடனே போடுங்கள். தாமதம் தெரிந்த பிறகு தள்ளும் ஒவ்வொரு நாளும் மனுவைப் பலவீனமாக்கும். அப்பீலோடு சேர்த்து, காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் பிரமாணப் பத்திரமும் போக வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், என். பாலகிருஷ்ணன் எதிர் எம். கிருஷ்ணமூர்த்தி, 883 நாள் தாமதத்தை 1998-இல் சுப்ரீம் கோர்ட் மன்னித்தது. நாள் கணக்கு முக்கியமில்லை, சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதுதான் அளவுகோல் என்றது. அதைக் காட்டி யாரும் நிம்மதியாகத் தூங்க வேண்டாம். சில நாள் தாமதமே காரணம் சரியில்லாமல் தள்ளுபடியாவதும் உண்டு.

எங்கள் மனுவை எழுத உட்கார்ந்தபோது குமாஸ்தா அண்ணன் ஒரு வெள்ளைத்தாளில் 67 கட்டம் போட்டார். அப்பா டெங்குவில் படுத்த ஒன்பது நாளுக்கு ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தது. ஒன்பது கட்டத்தில் டிக் அடித்தார்.

"மீதி 58 நாள் எங்க தம்பி?"

"பேசிக்கிட்டிருந்தோம்ணே."

"யார்கூட? எப்ப? எதுல இருக்கு?"

இதுதான் விஷயம். சமாதானப் பேச்சு கெடுவை நிறுத்தாது. ஆனால் ஏன் தாமதமானது என்பதற்கு அது ஒரு காரணம், ஆதாரம் இருந்தால். பெரியப்பா மகன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளைத் தேடி எடுத்தோம். "சித்தப்பா, கோர்ட்டுக்கு மறுபடி போக வேண்டாம், கொடை முடியட்டும், உக்காந்து பேசலாம்" என்று அவன் எழுதியிருந்தது தேதியோடு இருந்தது. அதை அச்செடுத்து, மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழோடு இணைத்தோம். பழைய வக்கீல் ஆபீசில் கட்டு தேங்கிய நாட்களை, யாரையும் திட்டாமல், கட்டு திரும்ப வந்த தேதியோடு எழுதினோம். நான்கு கட்டம் காலியாகவே நின்றது. அந்த நான்கு நாளுக்கும் எங்களிடம் ஆதாரம் எதுவும் இல்லை என்று உள்ளபடியே எழுதச் சொன்னார் அண்ணன். பொய்யாக ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கி வைக்கலாம் என்று வேறொருவர் யோசனை சொன்னார். அந்த டாக்டரைக் கூண்டில் ஏற்றினால் மிச்சம் 63 நாளும் கெட்டுப்போகும் என்று அண்ணன் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

மனு ஏற்கப்பட்டால் பெரும்பாலும் நிபந்தனையோடுதான் ஏற்கப்படும்: இத்தனை ரூபாய் செலவுத்தொகையை இந்தத் தேதிக்குள் எதிர்த்தரப்புக்குக் கட்ட வேண்டும், தவறினால் மனு தானாகத் தள்ளுபடி. இங்கேதான் பலர் இரண்டாவது முறை விழுகிறார்கள். ஜெயித்த சந்தோஷத்தில் உத்தரவின் கடைசி வரியை யாரும் படிப்பதில்லை. மனு தள்ளுபடியானால், எந்த வழியில் மேலே போவது என்பதை அன்றே வக்கீலிடம் கேளுங்கள். சீராய்வு என்றால் 90 நாள், அதற்கும் நகல் மனு அன்றைக்கே.

எங்களுக்கு 2,000 ரூபாய் போட்டார்கள், பதினைந்து நாள் கெடு. பதினோராம் நாள் பெரியப்பா மகனின் வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். "பரவாயில்ல, அப்புறம் ரசீது தர்றேன்" என்றார். குமாஸ்தா அண்ணன் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ரசீதை எழுதி, அவர் கையெழுத்தை வாங்கி, மெமோவோடு சேர்த்து அன்று சாயங்காலமே கோர்ட்டில் கொடுத்து, உள்ளே போன தேதி முத்திரையை எங்கள் பிரதியில் வாங்கித் தந்தார். வாங்க மறுத்திருந்தால் கோர்ட்டில் டெபாசிட் செய்யத் தனி மனுவும் அவர் பையில் தயாராக இருந்தது.